முதல் லேண்டிங்: பத்து நாள் பயணம், ஐந்தாண்டுக் கணக்கு

கனடாவின் நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது பி.ஆருக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த வீட்டுக்கு ஒருவழியாக விசா வந்து சேர்கிறது. பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர், கூடவே சி.ஓ.பி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் உறுதிச் சான்று. சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் பறக்கிறது. சந்தோஷம் சற்று அடங்கிய பிறகுதான் அந்தச் சான்றில் அச்சாகியிருக்கும் தேதி கண்ணில் படுகிறது. அந்த நாளுக்குள் கனடா மண்ணில் இறங்கியாக வேண்டும். இந்த முதல் வருகையைத்தான் 'லேண்டிங்' என்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அதற்குள் சில மாதங்கள்தான் மிச்சம் இருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது.

இந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது? விண்ணப்பத்துக்காகச் செய்த மருத்துவப் பரிசோதனை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் செல்லும். சி.ஓ.பி.ஆரின் காலக்கெடு பெரும்பாலும் அந்தப் பரிசோதனையின் ஆயுளை ஒட்டியே அமையும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாவதாக இருந்தால் அந்தத் தேதி. கோப்பு பரிசீலனையில் இருக்கும் மாதங்களெல்லாம் இந்தப் பன்னிரண்டில்தான் கழிகின்றன. தேதியை நீட்டித்துத் தரும்படி கேட்டால் பொதுவாகக் கிடைப்பதில்லை.

இங்கேயோ அலுவலகத்தில் மூன்று மாத நோட்டீஸ், மகளுக்கு பிளஸ் டூ தேர்வு, அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, இன்னும் விலை படியாத ஃபிளாட் என்று எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அதனால்தான், 'ஒரு எட்டு போய் லேண்டிங் முடித்துவிட்டு வந்துவிடலாம், பிறகு நிதானமாக மூட்டை கட்டலாம்' என்று முடிவெடுக்கிறார்கள். இதற்கு 'சாஃப்ட் லேண்டிங்' என்று பெயரே விழுந்துவிட்டது. ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சினால் மூன்று வாரம்.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. வந்து இறங்கியவர் உடனே அங்கேயே தங்கிவிட வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால், நயாகராவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாவைப் போல இதற்குக் கிளம்பினால் பின்னால் பெரிய விலை கொடுக்க நேரும். இந்தப் பயணத்தில் எது சரியாக நடக்கும், எது சிக்கலாகும் என்பது பெரும்பாலும் விமானம் ஏறுவதற்கு முன்பே, வீட்டு மேஜையில் பரப்பி வைத்த காகிதங்களில் தீர்மானமாகிவிடுகிறது.

அன்று தொடங்கும் கணக்கு

விமான நிலையத்தில் அதிகாரி சி.ஓ.பி.ஆரில் கையெழுத்துப் போடும் நாளிலிருந்து நீங்கள் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். அன்றே ஒரு கணக்கும் ஓடத் தொடங்குகிறது. 2002-ல் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, எந்த ஐந்தாண்டு காலத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் குறைந்தது 730 நாட்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும் என்கிறது. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளின் சில மணி நேரம் இருந்தாலும் அது ஒரு நாளாகவே எண்ணப்படும்.

ஒருவர் 2026 ஜூலை 1-ம் தேதி லேண்டிங் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளில் ஊர் திரும்பிவிடுகிறார். அவருடைய முதல் ஐந்தாண்டு 2031 ஜூன் 30-ல் முடிகிறது. அதற்குள் 730 நாட்களைச் சேர்க்க வேண்டுமென்றால் 2029 ஜூலையின் முதல் வாரத்துக்குள் அவர் கனடாவுக்கே குடிபோயிருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ ஊருக்கு வந்துபோனாலும் கணக்கு உதைக்கும். ஆக, 'ஐந்து வருஷம் டைம் இருக்கு' என்று சொல்லிக்கொள்வது தப்புக் கணக்கு. கையில் இருப்பது மூன்று ஆண்டுகள். அதிலும் எதிர்பாராத செலவுகளுக்குப் பணம் ஒதுக்குவதுபோல் ஓர் ஆண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டே ஆண்டுகள் என்று நினைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

விலக்குகள் உண்டு. கனடா குடிமகனான கணவருடனோ குடிமகளான மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வசிக்கும் நாட்களும், கனடா நிறுவனம் தன் முழுநேர ஊழியராக வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்திருக்கும் நாட்களும் கணக்கில் சேரும். கனடா நிறுவனத்தின் சென்னை அல்லது பெங்களூரு கிளையில் இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள் தங்களுக்கும் இது பொருந்தும் என்று நம்பிவிடுகிறார்கள். விதியின்படி அந்த நிறுவனம் உங்களை வெளிநாட்டுப் பணிக்கென்று நியமித்து அனுப்பியிருக்க வேண்டும். கிளையில் உள்ளூர் ஊழியராகச் சேர்ந்ததை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

குடியுரிமைக்கான கணக்கு இதிலிருந்து வேறு. அதற்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும்.

மறைக்கக் கூடாத ஒன்று

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற தவறுகளைப் பணத்தாலும் அலைச்சலாலும் சரிசெய்துவிட முடியும். இது குடும்பத்தையே பிரித்துவைக்கும்.

விண்ணப்பித்தபோது கல்யாணமாகாதவர், விசா வருவதற்குள் மணம் முடித்திருப்பார். நம் ஊரில் இது சாதாரணம். வெளிநாடு போகும் முன் ஒரு கால்கட்டு என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். அல்லது ரிஜிஸ்டர் ஆபீஸில் மட்டும் பதிவு செய்துவிட்டு, மண்டபக் கல்யாணத்தை ஆறு மாதம் தள்ளி வைத்திருப்பார்கள். சிலருக்கு இடைப்பட்ட காலத்தில் குழந்தை பிறந்திருக்கும். அப்போது யாராவது யோசனை சொல்வார்கள்: 'இப்ப போய்ச் சொன்னா ஃபைல் இன்னும் தள்ளிப்போகும். முதல்ல லேண்டிங்கை முடி, அப்புறம் ஸ்பான்சர் பண்ணிக்கலாம்.'

இந்த யோசனையை நம்பி நடந்தால் மீள்வது கடினம். லேண்டிங்கின்போது அதிகாரி கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று, விண்ணப்பத்துக்குப் பிறகு உங்கள் திருமண நிலையோ குடும்பமோ மாறியிருக்கிறதா என்பது. 'இல்லை' என்று சொல்லிக் கையெழுத்திட்டால் அது பொய்த் தகவல். அதோடு போவதில்லை. கனடாவின் குடிவரவு விதிகளில் 117(9)(d) என்றொரு விதி இருக்கிறது. பி.ஆர். வாங்கும்போது தெரிவிக்கப்படாமல், பரிசீலனைக்கு உட்படாமல் போன மனைவி, கணவர், பிள்ளைகளைப் பின்னாளில் குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்ய முடியாதபடி அது தடுக்கிறது. கருணை அடிப்படையில் கேட்டுப் பார்க்க வழி உண்டு என்றாலும், அந்த வழியில் எந்த உத்தரவாதமும் கிடையாது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். திருமணமோ குழந்தையோ விவாகரத்தோ, எதுவானாலும் விமானம் ஏறுவதற்கு முன்பே குடிவரவுத் துறைக்கு எழுதித் தெரிவித்துவிட வேண்டும். கோப்பு தாமதமாகும், மறுபடி மருத்துவப் பரிசோதனை வரும், கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். அத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

லேண்டிங் முடித்துத் திரும்பிய பிறகு கல்யாணம் செய்தால் என்ன? தாராளமாகச் செய்யலாம், ஸ்பான்சரும் செய்யலாம். ஆனால் பி.ஆர். மட்டும் வைத்திருப்பவர் கனடாவில் வசித்துக்கொண்டுதான் மனைவியையோ கணவரையோ ஸ்பான்சர் செய்ய முடியும். வெளிநாட்டில் இருந்தபடியே ஸ்பான்சர் செய்யும் சலுகை குடிமக்களுக்குத்தான். அதனால் புது மாப்பிள்ளை கனடாவிலும் புதுப்பெண் இங்கேயுமாக ஒரு காலம் கழியத்தான் செய்யும். பெண் வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நாகரிகம்.

கர்ப்பிணி மனைவியோடு லேண்டிங் முடித்து ஊர் திரும்புகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். இந்தியாவில் பிறக்கும் அந்தக் குழந்தை, அப்பா அம்மா இருவரும் பி.ஆர். என்பதால் மட்டும் பி.ஆர். ஆகிவிடாது. அதையும் தனியாக ஸ்பான்சர் செய்தாக வேண்டும், அதையும் கனடாவில் வசித்தபடிதான் செய்ய வேண்டும். பெற்றோர் இருவரும் பி.ஆர்., கைக்குழந்தை மட்டும் வெளியே என்ற நிலை சாஃப்ட் லேண்டிங் குடும்பங்களில் இப்படித்தான் உண்டாகிறது. பிரசவத் தேதியையும் சி.ஓ.பி.ஆர். தேதியையும் அருகருகே எழுதி வைத்துக்கொண்டு, விவரம் தெரிந்த, உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று. காலக்கெடு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கணவர் மட்டும் போய் லேண்டிங் செய்துவிட்டு வந்தால் மனைவி, பிள்ளைகளின் சி.ஓ.பி.ஆர். காப்பாற்றப்படாது. அவர்களும் தங்கள் தேதிக்குள் போயாக வேண்டும். முதன்மை விண்ணப்பதாரருக்கு முன்னதாக மற்றவர்கள் போகவும் முடியாது. அவரோடு போகலாம், அல்லது அவருக்குப் பிறகு.

விமான நிலையத்தில்

குடிவரவுச் சோதனை, கனடாவில் எந்த விமான நிலையத்தில் முதலில் இறங்குகிறீர்களோ அங்கேயே நடக்கும். கால்கரிக்குப் போகிறவர் டொரன்டோவில் விமானம் மாறினால் லேண்டிங் டொரன்டோவில்தான். அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடுவது நல்லது.

திரும்பிப் போகும் டிக்கெட்டைப் பார்த்து அதிகாரி கேள்வி கேட்டால் தயங்க வேண்டாம். 'வேலையை ராஜினாமா செய்துவிட்டு, வீட்டை ஒப்படைத்துவிட்டு, இந்த மாதத்தில் நிரந்தரமாக வருகிறோம்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். குடியேறும் எண்ணத்தோடு வந்திருக்கிறீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். மாநில நியமனத்தின் வழியாக விசா பெற்றவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சஸ்காச்சுவான் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்றால் அங்கே வசிக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்க வேண்டும். டொரன்டோ முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு டொரன்டோவிலிருந்தே திரும்பினால் கேள்வி எழுவது நியாயம்தான். இரண்டு நாளாவது அந்த மாநிலத்துக்குப் போய் வாருங்கள்.

குடியேறிய புதிதில் செலவுக்கென்று காட்ட வேண்டிய செட்டில்மென்ட் பணத்துக்கான ஆதாரமாக வங்கிக் கடிதத்தைப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கனடா டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள ரொக்கமோ டிராஃப்டோ கையில் இருந்தால் சுங்க அதிகாரியிடம் அறிவித்துப் படிவம் கொடுக்க வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், அதற்கு வரியும் இல்லை. சொல்லாமல் கொண்டுபோனால்தான் பறிமுதல்.

அடுத்து, பலரும் அலட்சியம் செய்யும் சாமான் பட்டியல். இப்போது கூடவே கொண்டுவரும் பொருட்கள் ஒரு பட்டியல், பிறகு வரவிருக்கும் பொருட்கள் இன்னொரு பட்டியல். இரண்டையும் மதிப்போடு எழுதி, பி.எஸ்.எஃப். 186 என்ற படிவத்தோடு முதல் வருகையிலேயே சுங்கத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பத்து நாளைக்கு இரண்டு பெட்டியோடு வந்திருக்கிறோம், பட்டியல் எதற்கு என்று விட்டுவிட்டால், பின்னால் குடிபெயரும்போது அம்மா கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்குக்கும் சீர்வரிசைப் பாத்திரங்களுக்கும் வரி பேச வேண்டி வரலாம். இந்தச் சலுகை, வருகைக்கு முன்பே நீங்கள் சொந்தமாக வைத்திருந்து பயன்படுத்திய பொருட்களுக்கு மட்டும். ஒரு பொருளின் மதிப்பு 10,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி உண்டு.

நகைகளை எழுதும்போது 'தங்கச் சங்கிலி - 1' என்று எழுதினால் போதாது. 'இரட்டை வடச் சங்கிலி, 22 காரட், 40 கிராம், சிவப்புக் கல் பதித்த டாலர்' என்று அதிகாரிக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் எழுதி, வெள்ளைத் துணியில் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுத்து, கடை ரசீதோ மதிப்பீட்டுச் சான்றோ சேர்த்து வையுங்கள். நகைகளை இந்தப் பயணத்தில் தூக்கிக்கொண்டு போவது தேவையற்ற வேலை. 'பிறகு வருபவை' பட்டியலில் படத்தோடு சேர்த்துவிட்டு லாக்கரிலேயே விட்டுவிடலாம். கட்டாயம் எடுத்துப் போகிறீர்கள் என்றால், புறப்படும்போது இந்திய சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது சொந்த நகைக்கே வரி கேட்கும் நிலை வராது.

ஊறுகாய், பொடி, பலகாரம் எது எடுத்துப் போனாலும் 'உணவுப் பொருள் இருக்கிறது' என்று அறிவித்துவிடுங்கள். மருந்துகளை டாக்டர் சீட்டோடு, கடையில் வாங்கிய அட்டையிலேயே கொண்டுபோக வேண்டும்.

அந்தப் பத்து நாட்கள்

வெள்ளிக்கிழமை இரவில் போய் இறங்காதீர்கள். அரசு அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு விடுமுறை. ஜூலை 1 கனடா தினம், அக்டோபர் இரண்டாவது திங்களில் நன்றியறிதல் நாள், செப்டம்பர் முதல் திங்களில் தொழிலாளர் தினம் என்று நீண்ட வார இறுதிகளும் குறுக்கே வரும். ஞாயிறு அல்லது திங்களில் இறங்கினால் ஒரு முழு வேலை வாரம் கையில் கிடைக்கும்.

முதல் வேலை சின் எண். சமூகக் காப்பீட்டு எண்ணான இந்த ஒன்பது இலக்கம் இல்லாமல் அங்கே வேலை பார்க்க முடியாது. சர்வீஸ் கனடா அலுவலகத்தில் பாஸ்போர்ட்டையும் சி.ஓ.பி.ஆரையும் காட்டினால் கட்டணமில்லாமல் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். எண்ணைப் பத்திரமாக வையுங்கள், யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது வங்கிக் கணக்கு. வேலை இல்லாவிட்டாலும் கணக்குத் திறக்கலாம், அடையாளச் சான்றுகள் போதும். இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப ஒரு வழி, பின்னால் வீடு வாடகைக்குக் கேட்கும்போது காட்ட ஒரு கணக்கு அறிக்கை என்று இதற்குப் பயன்கள் உண்டு. மாதக் கட்டணம் எத்தனை மாதத்துக்குத் தள்ளுபடி, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆளில்லாத கணக்கிலிருந்து மாதாமாதம் பிடித்தம் போய்க்கொண்டிருப்பது எதற்கு?

ஓட்டுநர் உரிமத்துக்கு இப்போது அலைய வேண்டாம் என்பது என் கருத்து. நிரந்தரமாகப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் உரிமத்தின் விவரச் சான்றை வாங்கிக்கொண்டு போனால், அனுபவத்தைக் காட்ட உதவும். மிச்ச நேரத்தில் குடியேறப்போகும் பகுதியைச் சுற்றிப் பாருங்கள். பள்ளிக்கூடம், பேருந்து, வாடகை, மளிகைக் கடை விலை எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட்டால் திரும்பி வந்து எடுக்கும் முடிவுகள் தெளிவாக இருக்கும்.

செய்யக் கூடாதவையும் இரண்டு உண்டு. ஒன்டாரியோவின் ஓஹிப் மருத்துவ அட்டைக்கு விண்ணப்பிக்கும் ஆசை வரும். மாநிலத்தையே முதன்மை வசிப்பிடமாகக் கொண்டு, பன்னிரண்டு மாதத்தில் 153 நாட்கள் அங்கே இருப்பவர்களுக்கானது அது. பத்து நாளில் திரும்புகிறவர் அதற்குத் தகுதியானவர் அல்ல. இரண்டாவது, குழந்தைகளுக்காக மாதாமாதம் கொடுக்கும் சைல்டு பெனிஃபிட். வரிச் சட்டப்படி கனடாவில் வசிப்பவருக்குத்தான் அது உரியது. ஊர் திரும்பிய பிறகும் வாங்கிக்கொண்டிருந்தால் ஒருநாள் மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். மருத்துவத்துக்கு இந்தியாவிலேயே பயணக் காப்பீடு எடுங்கள். பி.ஆர். விசாவில் போகிறவருக்கும் அந்த பாலிசி செல்லுமா என்று கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். அங்கே ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே சேமிப்பு கரைந்துவிடும்.

அட்டை வரும் முகவரி

ஊர் திரும்பிய பிறகு எல்லோரையும் தூங்கவிடாமல் செய்வது பி.ஆர். அட்டை. லேண்டிங்குக்காகக் கொடுத்த விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும்தான். அடுத்த முறை விமானம் ஏற அட்டையைக் காட்ட வேண்டும். அந்த அட்டையை கனடா முகவரிக்குத்தான் அனுப்புவார்கள், வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அது வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நீங்கள் ஊரில் இருப்பீர்கள்.

ஆகவே, அங்கே நம்பகமான ஒருவரின் முகவரி வேண்டும். 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்களால் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருக்கின்றன. உறவோ நட்போ இல்லாதவர்கள் குறைவு. வீடு மாற்றும் யோசனையில் இருப்பவரின் முகவரியைத் தவிருங்கள். அபார்ட்மென்ட் எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் சரிபாருங்கள். உங்கள் பெயரில் தபால் வரும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கட்டும். லேண்டிங் நாளில் முகவரி கையில் இல்லையென்றால் 180 நாட்களுக்குள் தெரிவிக்கலாம். அதைத் தவறவிட்டால் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். அட்டை வந்ததும் நம்பிக்கையான கூரியரிலோ ஊருக்கு வருகிறவர் கையிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டை வராமலே திரும்பிப் போக வேண்டி வந்தால் பயண ஆவணம் ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 50 கனடா டாலர். அமெரிக்க விசா வைத்திருப்பவர்கள் அங்கே போய், தனியார் காரில் தரைவழி எல்லையைக் கடப்பதும் உண்டு. கையெழுத்தான சி.ஓ.பி.ஆர். அசலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள். அட்டை வந்த பிறகும் அது வேண்டியிருக்கும். கனடாவை விட்டு வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது என்பதால் போர்டிங் பாஸ்களையும் எடுத்து வையுங்கள். நாள் கணக்குக்கு அவை ஆதாரம்.

போகாமலிருப்பதும் ஒரு முடிவுதான்

மூன்று ஆண்டுக்குள் குடிபெயரும் எண்ணமே இல்லாதவர்களும், 'கையில் இருக்கட்டுமே' என்று லட்சக்கணக்கில் செலவழித்து லேண்டிங் செய்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். பி.ஆர். தானாகக் காலாவதியாவதில்லை. அட்டை காலாவதியானாலும், 730 நாள் கணக்கில் தோற்றாலும், அதிகாரபூர்வமாகத் தீர்மானிக்கப்படும்வரை நீங்கள் பி.ஆர்.தான். அந்த நிலையில் மகனைப் பார்க்கவோ பேத்தியின் பிறந்தநாளுக்கோ சுற்றுலா விசாவில் போக முடியாது. முதலில் பி.ஆரை எழுதிக்கொடுத்துக் கைவிட்டுவிட்டு, பிறகுதான் விசா கேட்க வேண்டும்.

டிக்கெட் போடும் முன் குடும்பமாக உட்கார்ந்து, எந்த ஆண்டு எந்த மாதம் நிரந்தரமாகப் போகிறோம் என்று பேசி ஒரு தேதி குறியுங்கள். தேதி குறிக்க முடிகிறது என்றால் தைரியமாக லேண்டிங் போய் வாருங்கள். முடியவில்லை என்றால் அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.